அறுபதுக்கு மேல் அகலக்கால்

வயதானவர் கார் வாங்குவதென்றால் பெரிய எஸ்யூவியாகத்தான் வாங்க வேண்டும் என்றொரு கருத்து நம்மிடையே பரவி, இன்று ஏறத்தாழ வேதவாக்காகவே ஆகிவிட்டது. கடல் கடந்து வாழும் மகன் தொலைபேசியில் அதைச் சொல்கிறான். ஷோரூமில் டை கட்டிய இளைஞர் அதைப் பணிவோடு வழிமொழிகிறார். கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் பாயசத்துக்கும் மோருக்கும் இடையில் அதையே உறுதிப்படுத்துகிறார். மூவரும் சொல்லும் காரணம் ஒன்றுதான்: “வயசான காலத்தில் பாதுகாப்பாக இருக்க வேண்டாமா?” இக்கருத்து பிழையானது என்பதும், முதியவர்களின் நடமாட்டத்தையே சுருக்கிவிடக்கூடியது என்பதும் எங்கள் நிலைப்பாடு. அதை வாதிட்டு நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கதையும் கவிதையும் பேசுகிற இடத்தில் கார் விவகாரத்துக்கு என்ன வேலை என்று சிலர் முகம் சுளிக்கலாம். எங்களில் பாதிப்பேர் அறுபதைக் கடந்தவர்கள். மாலை ஆறு மணிக்குத் தொடங்கி எட்டரைக்கு முடிகிற புத்தக அறிமுகக் கூட்டத்துக்கு யார் வருகிறார்கள், யார் வருவதில்லை என்று கணக்கெடுத்தால் அதில் ரசனையின் பங்கு கொஞ்சம். போக்குவரத்தின் பங்கே அதிகம். இருட்டிய பிறகு தாமே வண்டியோட்டி வீடு திரும்ப முடிகிறவர் வருகிறார், முடியாதவர் வருவதில்லை. ஆகவே ஒரு முதியவர் எந்த வண்டியை வாங்குகிறார் என்பது, அவர் இன்னும் எத்தனை ஆண்டுகள் நூலகத்துக்கும் கச்சேரிக்கும் நண்பர் வீட்டுக்கும் தம் விருப்பப்படி போய்வருவார் என்பதைத் தீர்மானிக்கிற கேள்வி. இதில் நமக்கு அக்கறை இல்லையென்றால் வேறு எதில் இருக்கும்?

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ‘காம்பாக்ட் எஸ்யூவி’ என்று நம் நாட்டில் வழங்குகிற பெயர் எங்கிருந்து வந்தது? மத்திய நிதியமைச்சராக இருந்த ப. சிதம்பரம் 2006 பிப்ரவரியில் அளித்த வரவுசெலவுத் திட்டத்தில், சிறிய கார்களுக்கான கலால் வரியை 24 விழுக்காட்டிலிருந்து 16 விழுக்காடாகக் குறைத்தார். சிறிய கார் எது என்பதற்கு அப்போது ஓர் இலக்கணம் வகுக்கப்பட்டது: நீளம் 4,000 மி.மீ.-க்கு மிகாமல் இருக்க வேண்டும். பெட்ரோல் எஞ்சின் 1,200 சிசி-க்கும், டீசல் எஞ்சின் 1,500 சிசி-க்கும் மிகக்கூடாது. அன்று முதல் நம் கார் நிறுவனங்கள் எல்லாம் 4 மீட்டர் கோட்டுக்குள் ஐந்து மில்லிமீட்டர் உள்ளடங்கி நிற்கக் கற்றுக்கொண்டன. மாருதி பிரெஸ்ஸா 3,995 மி.மீ. ஹூண்டாய் வென்யு 3,995 மி.மீ. டாடா நெக்ஸானும் அதே 3,995 மி.மீ. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மூவரும் ஒரே மதிப்பெண் வாங்கியது போன்ற இந்த ஒற்றுமை தற்செயலானதன்று. ஒரே வினாத்தாள், ஒரே விடை.

2017-ல் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோது எஸ்யூவி என்ற சொல்லுக்கும் வரித்துறையே பொருள் சொன்னது. எஞ்சின் 1,500 சிசி-க்கு மேல், நீளம் 4,000 மி.மீ.-க்கு மேல், தரை இடைவெளி 170 மி.மீ. அல்லது அதற்கு மேல். இவ்விலக்கணத்தின்படி பார்த்தால் நாம் காம்பாக்ட் எஸ்யூவி என்று அழைக்கும் வண்டிகள் எஸ்யூவியே அல்ல. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு 18 விழுக்காடு, மற்றவற்றுக்கு 40 விழுக்காடு என்று வரி மாறியது. நீளத்தில் அடங்கிய பிரெஸ்ஸா, தன் பெட்ரோல் எஞ்சின் 1,462 சிசி என்பதால் அந்தச் சலுகைக்குள் அடங்கவில்லை. கண்ணுக்குச் சிறியது, கணக்குக்குப் பெரியது!

இதையெல்லாம் விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சிறியது, பெரியது என்று நம்மிடையே நடக்கும் வாக்குவாதம் முழுவதும் நிதியமைச்சகம் கிழித்த கோட்டின் இருபுறமும் நின்றுகொண்டு நடக்கிறது. அந்தக் கோட்டைக் கிழித்தவர்கள் வருவாயை எண்ணிக் கிழித்தார்கள். அறுபத்தைந்து வயதுக்காரரின் முழங்காலையும் கழுத்தையும் கண்ணையும் எண்ணியல்ல. ஒரு சான்று: இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் ஹூண்டாய் கிரெட்டாவின் இப்போதைய நீளம் 4,330 மி.மீ. 2014-ல் உற்பத்தி நின்றுபோன நம் பழைய அம்பாசடரின் நீளமும் ஏறத்தாழ அதுவேதான். நாற்பது ஆண்டுகள் அம்பாசடர் ஓட்டியவருக்குக் கிரெட்டாவின் நீளம் புதிதல்ல. ஆனால் அம்பாசடரின் அகலம் 1.7 மீட்டருக்கும் குறைவு. கிரெட்டாவின் அகலம் 1,790 மி.மீ. பிரெஸ்ஸாவின் அகலமும் அதே 1,790 மி.மீ. ஆக, வரி விதி நீளத்தைக் கட்டிப்போட்டது. அகலமும் உயரமும் அவிழ்த்துவிட்ட காளைபோல வளர்ந்தன. 2019-ல் 1,770 மி.மீ. அகலத்தோடு வந்த வென்யு, 2025-ல் புதிய வடிவெடுத்தபோது 1,800 மி.மீ. ஆகிவிட்டது. முதியவருக்குத் தொல்லை தருவது நீளத்தைவிட அகலமே என்பதை இனிக் காண்போம்.

உடம்பிலிருந்து தொடங்குவோம். பெரிய வண்டிக்காரர்களின் வாதத்தில் ஓர் உண்மை இருக்கிறது. அதை மறைப்பது நேர்மையாகாது. தாழ்ந்த செடான் கார்கள் முதியவர்களுக்கு ஏற்றவையல்ல. இருக்கை தாழ்ந்திருந்தால் உட்காரும்போது உடம்பு தொப்பென்று விழுகிறது. எழும்போது முழு எடையையும் தொடைத்தசை தூக்க வேண்டியிருக்கிறது. இருக்கை இடுப்பின் மட்டத்தை ஒட்டி அமைந்தால் பக்கவாட்டில் உட்கார்ந்து, கால்களை உள்ளே திருப்பிக்கொள்ளலாம். முழங்கால் தேய்ந்தவருக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்பதை முழங்கால் தேயாதவருக்குச் சொல்லிப் புரியவைக்க இயலாது.

ஆனால் இந்த வசதி எஸ்யூவியின் கண்டுபிடிப்பா? 1998-ல் இதே இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வெளிவந்த சான்ட்ரோவை நினைவிருக்கிறதா? ‘டால் பாய்’ என்று அந்த உயர்ந்த கூரைக்குப் பெயர். தலைப்பாகை கட்டியவர்கூடத் தலை குனியாமல் உட்காரலாம் என்று அப்போது வேடிக்கையாகப் பேசிக்கொண்டார்கள். மறு ஆண்டே மாருதி வேகன் ஆர் வந்தது. இன்றைய வேகன் ஆர் 3,655 மி.மீ. நீளம், 1,620 மி.மீ. அகலம்தான், இருக்கையோ உயரமானது. உயரமான இருக்கைக்காக அகலமான வண்டியை வாங்க வேண்டும் என்ற கட்டாயம் எக்காலத்திலும் இருந்ததில்லை. இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டது விற்பனைச் சாமர்த்தியம்.

மேலும், உயரம் என்பதற்கும் ஓர் எல்லை உண்டு. லாரியைப்போலத் தனிச் சட்டகத்தின்மேல் உடல் பொருத்தப்பட்ட ஃபார்ச்சூனர் போன்ற வண்டிகளில் யாரும் உட்காருவதில்லை, ஏறுகிறார்கள். ஒரு கையால் மேல்பிடியைப் பற்றி, ஒரு காலைப் படியில் ஊன்றி, மற்றக் காலைத் தூக்கி உள்ளே வைக்க வேண்டும். இறங்கும்போது இதே வித்தையைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். அதுவும் தரை கண்ணுக்குத் தெரியாத நிலையில். வேட்டி கட்டியவரும் புடவை கட்டியவரும் படும் பாட்டைத் தனியே சொல்ல வேண்டியதில்லை. முதியவர்களுக்குச் சாலை விபத்து ஒருபுறமிருக்க, தடுக்கி விழுவது அதைவிட அன்றாட ஆபத்து. இடுப்பெலும்பு முறிய வேகமோ நெடுஞ்சாலையோ தேவையில்லை; ஈரமான படி ஒன்று போதும்.

அடுத்தது கண். இருபது வயதுக்காரரின் விழித்திரையை அடையும் ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதுக்காரரின் விழித்திரையை அடைகிறது என்பது கண் மருத்துவத்தில் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டுவருவது. கண்மணி சுருங்குகிறது, கண்ணின் ஆடி மஞ்சளிக்கிறது. எதிரே வரும் விளக்கொளி சிதறிக் கண்ணைக் கூசச் செய்கிறது. கூச்சம் தெளிந்து பார்வை திரும்ப நேரமாகிறது. கூடவே கழுத்து முன்போல் திரும்புவதில்லை. இப்படிப்பட்ட கண்ணுக்கும் கழுத்துக்கும் நாம் என்ன கொடுக்க வேண்டும்? நான்கு மூலைகளும் எங்கே முடிகின்றன என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரிகிற வண்டியை. நாம் கொடுப்பதோ, பானெட் உயர்ந்து, முன்தூண் தடித்து, பின்கண்ணாடி ஒரு தபால்பெட்டி வாய்போலச் சுருங்கிய வண்டியை. “அதற்குத்தான் கேமரா இருக்கிறதே” என்பார்கள். 2019 ஜூலை முதல் பின்புற எச்சரிக்கை உணரிகள் நம் நாட்டில் எல்லாக் கார்களுக்கும் கட்டாயம், கேமராவும் நல்லதுதான். ஆனால் அந்தத் திரையைப் படிக்க, தூரத்துக்குப் பழகிய கண்ணைச் சட்டென்று கிட்டத்துக்கு மாற்ற வேண்டும். வெள்ளெழுத்துக்காரருக்கு அது எளிதல்ல. இரண்டு பார்வைக் கண்ணாடி போட்டவர்கள் இதை ஒப்புக்கொள்வார்கள்.

திரையைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். ஏசியின் வேகத்தைக் குறைக்கவும் திரையைத் தொட வேண்டும் என்றாகிவிட்ட வண்டிகளை முதியவர்கள் தவிர்ப்பது நலம். கை தடவிக் கண்டுகொள்ளும் பொத்தானுக்கு நிகர் வேறில்லை. ஐரோப்பாவின் மோதல் சோதனை அமைப்பான யூரோ என்கேப், ஹாரன், வைப்பர், இண்டிகேட்டர் போன்றவற்றுக்குத் தனிப் பொத்தானோ நெம்போ வேண்டும் என்பதை 2026 முதல் தன் மதிப்பெண் கணக்கில் சேர்த்திருக்கிறது. பெரிய, விலையுயர்ந்த மாதிரிகளுக்குப் போகப்போகத்தான் பொத்தான்கள் குறைகின்றன என்பது இதிலுள்ள விந்தை.

இனி, வண்டி நிற்கும் இடம். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-இன்படி அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு காருக்கான இடம் 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம். எக்ஸ்யூவி700 2021-ல் வந்தபோது அதன் அகலம் 1,890 மி.மீ. நட்டநடுவில் நிறுத்தினாலும் இருபுறமும் மிஞ்சுவது தலா 30 செ.மீ. சொச்சம், அதாவது ஓர் அடி. ஒருபுறம் தூண், மறுபுறம் பக்கத்து வீட்டுக்காரர் கார். அந்த ஓரடிச் சந்தில் கதவைத் திறந்து, முழங்காலை மடக்கி, உடம்பை வெளியே எடுக்க வேண்டியவர் எழுபது வயதுக்காரர். வேகன் ஆர் அதே இடத்தில் 44 செ.மீ. விடுகிறது. ஃபார்ச்சூனரின் நீளம் 4,795 மி.மீ.; 5 மீட்டர் இடத்தில் முன்னும் பின்னுமாக மிஞ்சுவது மொத்தமே ஒரு சாண். இவையெல்லாம் எங்கள் கற்பனைக் கணக்கல்ல. அளவுநாடா வைத்திருக்கும் எவரும் இன்று மாலையே சரிபார்த்துக்கொள்ளலாம்.

தெருவும் அப்படித்தான். மயிலாப்பூர் மாடவீதிகளை ஒட்டிய சந்துகளும், திருவரங்கத்தின் உள்வீதிகளும், கும்பகோணத்துத் தெருக்களும் மாட்டுவண்டிக்கும் நடைக்கும் அமைந்தவை. 1.44 மீட்டர் அகல மாருதி 800-இல் அங்கே போய்வந்தவர், அதைவிட ஏறத்தாழ ஒன்றரை அடி அகலமான வண்டியில் போக நேர்கிறது. எதிரே ஒரு ஆட்டோ வந்தால் யாராவது பின்வாங்க வேண்டும். கழுத்து திரும்பாதவர் பின்வாங்குவது எப்படி? முதிய ஓட்டுநர்கள் அதிகம் சிக்குவது சந்திப்புகளில், எதிர்வரும் வண்டிகளைக் குறுக்கே கடந்து திரும்பும்போதுதான் என்பது பல நாடுகளின் விபத்து ஆய்வுகள் கண்ட உண்மை. நம் நாட்டில் அது வலப்பக்கத் திருப்பம். அத்தருணத்தில் உதவுவது சின்னத் திருப்பு வட்டமும் தெளிந்த பார்வையும். டன் கணக்கான இரும்பு அன்று.

இங்கே எதிர்த்தரப்பின் தலைமையான வாதத்துக்கு வருகிறோம். “மோதிக்கொண்டால் பெரிய வண்டியில் இருப்பவர்தானே பிழைப்பார்?” இரண்டு வண்டிகள் நேருக்குநேர் மோதும்போது கனமான வண்டியில் இருப்பவருக்கு அனுகூலம் அதிகம், இது இயற்பியல், இதை மறுப்பதற்கில்லை. ஆனால் வாதம் அங்கேயே முடிந்துவிடுவதாக நினைப்பதுதான் தவறு. வண்டியின் பருமனும் கட்டுமானத்தின் உறுதியும் ஒன்றல்ல. குளோபல் என்கேப் சோதனையில் 2018 டிசம்பரில் பெரியவர் பாதுகாப்புக்கு ஐந்து நட்சத்திரம் பெற்ற நெக்ஸான் 4 மீட்டருக்குள் அடங்கியது. 2020 ஜனவரியில் ஐந்து பெற்ற எக்ஸ்யூவி300-உம் அப்படியே. 2022 ஏப்ரலில் அதே அமைப்பு சோதித்த கிரெட்டாவின் இரு காற்றுப்பை மாதிரி பெற்றது மூன்றுதான். 2023 அக்டோபர் முதல் நம் நாட்டுக்கென்றே பாரத் என்கேப் நடைமுறைக்கு வந்துவிட்டது. வாங்கப்போகும் மாதிரி எத்தனை நட்சத்திரம் பெற்றது என்று கேளுங்கள். எத்தனை அடி நீளம் என்று கேட்காதீர்கள். முதியவரின் எலும்பு நொறுங்கக்கூடியது. சிறிய மோதலும் அவருக்குப் பெரிய காயம். அவ்வெலும்பைக் காப்பது சீட் பெல்ட், பக்கவாட்டுக் காற்றுப்பை, வழுக்காமல் வண்டியைப் பிடித்து நிறுத்தும் மின்னணுக் கட்டுப்பாடு ஆகியவை. இம்மூன்றும் இன்று சிறிய எஸ்யூவிகளிலும் கிடைக்கின்றன.

அதோடு, மோதலில் எதிரே இருப்பவர் யார் என்ற கேள்வியை நாம் ஏன் கேட்பதேயில்லை? 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் சாலையில் நடந்துபோனவர். ஐந்தில் இருவருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். நம் ஊர்ச் சாலையில் காரின் எதிரே வருவது பெரும்பாலும் இன்னொரு கார் அன்று. ஒரு மனித உடம்பு. அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவனம் 2023-ல் வெளியிட்ட ஆய்வில், பானெட்டின் முன்விளிம்பு தரையிலிருந்து 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வண்டிகள், 30 அங்குலமும் அதற்குக் குறைவுமாகச் சரிந்த முகமுடைய வண்டிகளைவிட, மோதப்பட்ட பாதசாரியைக் கொல்லும் வாய்ப்பு ஏறத்தாழ 45 விழுக்காடு அதிகம் என்று கண்டது. தாழ்ந்த பானெட் காலில் படுகிறது. உயர்ந்த பானெட் மார்பிலும் தலையிலும் படுகிறது. குழந்தையாக இருந்தால் சொல்லவே வேண்டாம்.

இதை ஜீவகாருண்யப் பிரசங்கம் என்று தள்ளிவிட வேண்டாம். முதியவரே அன்றாடம் பாதசாரிதான். காலை நடைக்குப் போகிறவர் அவர். பால் வாங்கக் குறுக்கே கடப்பவர் அவர். கோவில் வாசலில் வண்டியை விட்டு இறங்கிச் செருப்பைத் தேடுபவர் அவர். எல்லாரும் உயர்ந்த முகமுடைய வண்டிக்கு மாறிவிட்ட தெருவில் அவர் எந்த இரும்புக்கூட்டுக்குள் நடப்பார்? ஒரு நாளில் ஒரு மணி நேரப் பாதுகாப்புக்காக மீதி நேரத்தின் ஆபத்தை விலை கொடுத்து வாங்குகிறோம். 2022-23 நிதியாண்டிலேயே இந்தியாவில் விற்ற பயணிகள் வாகனங்களில் பாதிக்கு மேல் எஸ்யூவி உள்ளிட்ட பயன்பாட்டு வாகனங்கள் என்றால், இந்த விலை ஏற்கெனவே ஏறிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

மிதி மாறிப்போவது என்றொரு கொடுமையும் உண்டு. 2019 ஏப்ரலில் தோக்கியோவின் இக்கெபுகுரோ பகுதியில் 87 வயதான ஒருவர் ஓட்டிய கார் கட்டுப்பாடின்றிப் பாய்ந்ததில் ஒரு தாயும் மூன்று வயது மகளும் இறந்தார்கள். பிரேக் என்று எண்ணி அவர் ஆக்ஸிலரேட்டரை மிதித்தார் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்நாடு பின்னர், 2022 மே மாதம் முதல், தானே பிரேக் போடும் வசதி முதலியவை கொண்ட வண்டிகளை மட்டும் ஓட்டுவதற்கான தனி உரிமத்தை ஏற்படுத்தியது. முதியவர் விரும்பினால் முழு உரிமத்துக்குப் பதில் இதைப் பெறலாம். வண்டி ஓட்டுவது, ஓட்டாமலிருப்பது என்ற இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது என்று கண்டுகொண்ட சமூகம் அது. அங்கே முதியவர்கள் பலர் ஓட்டுவது 3.4 மீட்டர் நீளமும் 1.48 மீட்டர் அகலமும் மிகாத ‘கேய்’ வகைச் சிறு கார்கள். கால் தவறுவது எந்த வண்டியிலும் நேரலாம்; ஆனால் இரண்டு டன் வண்டியில் நேர்வதும் முக்கால் டன் வண்டியில் நேர்வதும் ஒன்றல்ல.

“பேரன் பேத்திகள் வந்தால்?” என்பது அடுத்த கேள்வி. ஆண்டுக்கு ஒருமுறை, மூன்று வாரம் வருவார்கள். அந்த மூன்று வாரத்துக்காக மீதி நாற்பத்தொன்பது வாரமும் மூன்றாம் வரிசை இருக்கையைச் சுமந்துகொண்டு கறிகாய் வாங்கப் போவது, விருந்தாளிக்காக வீட்டில் தினம் பத்துப் பேருக்கு உலை வைப்பதற்கு ஒப்பானது. அவர்கள் வரும்போது ஓட்டுநரோடு ஓர் இன்னோவாவை வாடகைக்கு எடுங்கள். தாத்தாவும் பின்னிருக்கையில் பேரனோடு உட்கார்ந்து வரலாம்; ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கதை சொல்ல முடியாதல்லவா?

“நம் சாலைகளின் வேகத்தடைகளைப் பார்த்தீர்களா? மழைக்காலத்தைப் பார்த்தீர்களா?” பார்த்தோம். இந்தியச் சாலைக் காங்கிரசின் வழிகாட்டுதல்படி வேகத்தடை 10 செ.மீ. உயரமும் 3.7 மீட்டர் அகலமுமாக இருக்க வேண்டும். அவ்வாறு அமைந்தால் எந்தக் காரும் அடிபடாமல் கடக்கலாம். விதியை மீறி எழுப்பிய மேட்டுக்கு உரிய பரிகாரம் மேட்டைச் செதுக்குவது. ஆளாளுக்கு உயரமான வண்டி வாங்குவது, கொசுவுக்கு அஞ்சி ஊரையே வலைக்குள் போடுவதற்குச் சமம். வெள்ளமோ, 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்தபோது வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் வரிசையாக ஏற்றி நிறுத்தப்பட்ட கார்களைப் படங்களில் நாம் எல்லோரும் பார்த்தோம். சிறிய காரும் பெரிய காரும் சேர்ந்துதான் மேடு தேடின. தண்ணீரில் எஸ்யூவி நீந்தும் என்று நம்பி இறங்கி, எஞ்சினுக்குள் தண்ணீர் வாங்கியவர்களுக்கு இது தெரியும்.

நிற்க. இத்தனை காரணங்களுக்கும் அடியில் வேறொன்று இருக்கிறது. அதை வெளிப்படையாகப் பேச எல்லோரும் தயங்குகிறோம். பெரிய வண்டி பெரும்பாலும் ஓட்டுபவருக்காக வாங்கப்படுவதில்லை. பிள்ளைகளின் அன்புக்கு ஓர் உருவம் வேண்டியிருக்கிறது. தொலைவில் இருப்பதன் உறுத்தலை, வாசலில் நிற்கும் ஒரு பெரிய வண்டி கொஞ்சம் ஆற்றுகிறது. அந்த அன்பை நாங்கள் எள்ளவில்லை. ஆனால் அதன் விளைவைப் பாருங்கள். எங்கள் வட்டத்தில் நாங்கள் அறிந்தவரை, பெரிய வண்டி வந்த வீடுகளில் பெரியவர் ஓட்டுவது குறைந்திருக்கிறது. கீறல் விழுந்தால் மகன் என்ன நினைப்பான் என்ற அச்சம். நிறுத்த இடம் கிடைக்குமோ என்ற அச்சம். சந்தில் மாட்டிக்கொள்வோமோ என்ற அச்சம். முதலில் இரவுப் பயணம் நிற்கிறது. பிறகு கடைவீதி நிற்கிறது. பிறகு ஆக்டிங் டிரைவருக்குத் தொலைபேசி செய்து, அவர் வரும் நாளில் மட்டும் வெளியே போவது என்றாகிறது. கடைசியில் வண்டி உறைக்குள் உறங்குகிறது. உடையவர் ஆட்டோவுக்குக் கைகாட்டுகிறார். பாதுகாப்பின் பெயரால் கொடுத்தது, சுதந்திரத்தைப் பறித்துக்கொண்டது. கண்ணும் கையும் இன்னும் நன்றாக இருக்கும்போதே ஒரு மனிதரை வீட்டில் உட்காரவைத்த பெருமை அந்த நான்கே முக்கால் மீட்டர் இரும்புக்கே சேரும்.

பெரிய வண்டி யாருக்குமே ஆகாது என்று நாங்கள் சொல்லவில்லை. சக்கர நாற்காலியை மடித்து வைக்க வேண்டிய வீடு, ஆறடிக்கு மேல் உயரமானவர், மாதம் இருமுறை நான்கு பேரோடு நெடுஞ்சாலையில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகிறவர், தோட்டத்துக்கு மண்சாலையில் போகிறவர், இவர்களுக்கெல்லாம் அதில் நியாயம் உண்டு. அவர்களும் அகலத்தை அளந்து பார்த்து வாங்கட்டும். மற்றவர்களுக்கு எங்கள் பரிந்துரை, வாங்குமுன் கீழ்க்கண்ட ஐந்தையும் செய்து பார்க்க வேண்டும் என்பதே:

1. வழக்கமாக உடுத்தும் வேட்டியிலோ புடவையிலோ போய், ஓட்டுநர் இருக்கையில் ஐந்துமுறை உட்கார்ந்து ஐந்துமுறை எழுங்கள். ஐந்தாம் முறையும் கைப்பிடியைத் தேடாமல் எழ முடிகிறதா?

2. வண்டியை உங்கள் வீட்டுக்கே கொண்டுவரச் சொல்லுங்கள். உங்கள் தூணுக்கும் சுவருக்கும் இடையில் நிறுத்தி, கதவைத் திறந்து இறங்கிப் பாருங்கள்.

3. பகலில் ஓட்டியது போதாது. இருட்டிய பிறகு, எதிரே விளக்கு வரும் சாலையில் ஒருமுறை ஓட்டுங்கள்.

4. பானெட்டுக்கு முன்னால் ஒரு குடத்தை வைக்கச் சொல்லி, எத்தனை அடி தள்ளிப்போனால் அது கண்ணுக்குத் தெரிகிறது என்று பாருங்கள். அந்தக் குடம் ஒரு குழந்தையின் உயரம்கூட இல்லை என்பார்கள். குழந்தை குனிந்து பந்தெடுக்கும் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

5. கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமல் வைப்பரையும் ஏசியையும் இயக்க முடிகிறதா என்று பாருங்கள்.

இந்த ஐந்திலும் தேறுகிற வண்டி 4 மீட்டருக்குள் இருந்தாலும் வெளியே இருந்தாலும் எங்களுக்கு ஆட்சேபமில்லை. தேறுபவற்றில் மிகச் சிறியதை வாங்குங்கள் என்பதே எங்கள் முடிபு. அது எஸ்யூவியாகவே இல்லாமல் உயரமான சாதாரணக் காராக இருந்தாலும் தலைகுனிய வேண்டியதில்லை. விரலுக்கேற்ற வீக்கம் என்று நம் முன்னோர் சொன்னது மோதிரத்தைப் பற்றி மட்டுமல்ல.

இறுதியாக, வண்டியைவிட முக்கியமான சோதனை ஒன்று உண்டு. 55 வயதைக் கடந்தவருக்கு ஓட்டுநர் உரிமம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும் என்றும், 40-ஐக் கடந்தவர்கள் படிவம் 1ஏ-வில் மருத்துவச் சான்று தர வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. அச்சான்றிதழை ஒரு சடங்காக்கிவிடாமல் கண் மருத்துவரிடம் உண்மையிலேயே போய்க் காட்டுங்கள். கண்புரை இருந்தால் அறுவைசிகிச்சை செய்துகொள்ளுங்கள். மாத்திரை தூக்கம் தருமா என்று கேளுங்கள். பெரிய எஸ்யூவிக்கும் சிறியதற்கும் உள்ள விலை வித்தியாசத்தில் இவை எல்லாவற்றையும் செய்துகொண்டு, மிச்சத்தில் பல ஆண்டுகளுக்குப் புத்தகமும் வாங்கலாம். பிள்ளைகள் உண்மையாகவே பெற்றோரின் பாதுகாப்பை விரும்பினால், அடுத்தமுறை ஊருக்கு வரும்போது பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, அப்பாவையோ அம்மாவையோ ஓட்டச் சொல்லி ஒரு மணி நேரம் ஊரைச் சுற்றட்டும். எது வேண்டும், எது வேண்டாம் என்பது அந்த ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். ஷோரூமுக்கு அதன் பிறகு போகலாம்.